வாயால் சமைத்த கிழங்கு

கிழங்கு துருவத் தெரியுமோ என்று என்னை ஒருத்தி கேட்டாள். என்னை! கலியாண வீடுகளில் எத்தனை கிடாரம் அடுப்பில் ஏற வேண்டும் என்று கையைக் காட்டி நின்றவள் நான். கிழங்கு துருவத் தெரியுமோவாம்.

கேட்டவள் வெள்ளைக்காரி. கேட்ட இடம் எங்கள் அப்பார்ட்மென்ற் கட்டிடத்தின் பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கும் அறை. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏன் கேட்கிறாள் என்று விளங்கியதும் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுவதும் எனக்கு ஒரே பரபரப்பு. உடுப்பு மடித்தாலும் அதே நினைவு, சாமி கும்பிட்டாலும் அதே நினைவு. வயது போன மனுசிக்கு இப்படி ஒரு துள்ளலா என்று மகள் பகிடி பண்ணினாள். பண்ணட்டும்.

இது தொண்ணூறுகளில் நடந்தது. நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெல்ல மெல்லத்தான் வரும். ஆறுதலாக வாசியுங்கள். எனக்கும் அவசரமில்லை.

கனடாவுக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் ஸ்காபரோப் பக்கம் குடியிருந்தபோது, என் மகள் தன் வேலைக்குக் கிட்ட என்று பாதர்ஸ்ற் வீதியின் வடக்குத் தொங்கலில் வீடு எடுத்தாள். முருங்கைக்காய் வாங்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறி அஜின்கோர்ட் போக வேண்டும். கட்டிடத்தில் முக்கால்வாசிப் பேர் யூதர்கள். சனிக்கிழமைகளில் அவர்களில் சில வயதானவர்கள் எலிவேற்றர் பொத்தானை அமத்தமாட்டார்கள். அது அவர்களுடைய முறை. அமத்திவிடு என்று வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள். சும்மா நிற்பார்கள். நான் போய் அமத்துவேன். எந்த மாடி என்பதை ஆளைப் பார்த்தே சொல்வேன். அதனால் அந்தக் கட்டிடத்தில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

எங்கள் கதவுக்கு நேர் எதிர்க் கதவில் இருந்தவள்தான் என்னைக் கிழங்கு கேட்டவள். பெரிய போர் முடிந்த பிறகு பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் கனடா வந்தவள். ஒரு பள்ளிக்கூட ஒபிசில் வேலை பார்த்தாள். தனியாக இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை அன்ரி, அன்ரி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அன்ரி என்றே கூப்பிடுவாள். நான் அவளைப் பிள்ளை என்பேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மகளிடம் கேட்டு அறிந்த அன்று, கதவைத் தட்டி, என் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள்.

அவள் பேசியது இங்கிலீஷ். என்னிடம் இருந்த இங்கிலீஷ் கடைக்கும் பஸ்ஸுக்கும் காணும். ஆழமான கதை என்றால் மகள் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பேச்சுகள் எல்லாம் எனக்குள் எங்களுடைய பேச்சாகவே தங்கிவிட்டன. அப்படியே எழுதுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மகளும் நானும் ஈர உடுப்புகளை ட்ரையருக்குள் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் தன் கூடையோடு வந்தாள்.

"அன்ரி, நீங்கள் புத்தகம் பாக்காமல்தானே சமைக்கிறனீங்கள்?"

"ஓம் பிள்ளை. புத்தகம் பாத்தால் வாசிக்கவும் முடியாது, சமைக்கவும் முடியாது."

"எனக்குச் சமைக்கவே தெரியாது. எங்கடை அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் அவ ஒரு சாப்பாடு சொல்லுவா. எழுதி வைக்கேல்லை. என்ரை வாயிலைதான் இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீங்கள் செய்து தருவீங்களோ? கிழங்கு துருவத் தெரியுமோ?"

நான் சிரித்தேன். மகள் என் காலை மிதித்தாள்.

"துருவுவம். என்ன விசேஷம்?"

"அம்மான்ரை துவசம் வருது."

பிறகு அவள் தன் கூடையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இருந்து கதையைச் சொன்னாள். ட்ரையர் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சூடாக இருந்தது. மகள் ஒவ்வொரு வசனமாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

அவளுடைய தாய் ஹங்கேரி நாட்டில் பணக்கார வீட்டுப் பெண். சமைக்க ஆள், தோட்டத்துக்கு ஆள் என்று இருந்த வீடு. போரில் யூதர்களைப் பிடித்து ரெயிலில் அடைத்தபோது இந்தக் குடும்பத்தையும் அடைத்தார்கள். மாடு ஏற்றுகிற பெட்டி. குடிக்கத் தண்ணீர் இல்லை. போய் இறங்கிய இடத்தில் அப்பா அம்மாவை ஒரு பக்கம் போகச் சொன்னார்கள், இவளுடைய தாயையும் தாயின் தங்கச்சியையும் மறுபக்கம். தங்கச்சி சின்னப் பெட்டை. வயதைக் கூட்டிச் சொல்லு என்று யாரோ ஒரு கைதி காதுக்குள் சொன்னதால் தப்பினாள். தலையை மழித்தார்கள். ஆளுக்கு ஒரு சட்டை. அப்பா அம்மா எங்கே என்று இரண்டு பிள்ளைகளும் கேட்டதற்கு, முதலே வந்து கிடந்த ஒருத்தி புகைக்கூண்டைக் கையால் காட்டினாளாம். அவ்வளவுதான் பதில்.

விடியற்காலையில் பனிக்குள் வரிசையாக நிற்க வைத்து எண்ணுவார்களாம். விழுந்தவர்களைத் தூக்க விடமாட்டார்கள். சாப்பாடு என்று சூப்பு. பானை கழுவிய தண்ணீருக்கு அதைவிட ருசி இருக்கும் என்று தாய் சொல்லுவாளாம். பொழுதுபட்டால் கொட்டிலுக்குள், ஒன்றின்மேல் ஒன்றாக அடித்த பலகைத் தட்டுகளில் நெருக்கிப் படுத்தபடி அந்தப் பெண்கள் எல்லாரும் வாயால் சமைப்பார்களாம். ஒருத்தி இறைச்சி சமைப்பாள், ஒருத்தி கேக் போடுவாள். இவளுடைய தாய் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் சமைப்பாள். கிழங்கு. குகெல் என்று அதற்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். துருவிய உருளைக்கிழங்கை முட்டையும் கொழுப்பும் விட்டுத் தட்டில் வேகவைக்கிற பலகாரம்.

"தங்கச்சி சிரிப்பாளாம் அன்ரி," என்றாள். "கதையை முடிக்கேக்கை அம்மா எப்பவும் அதைத்தான் சொல்லுவா. நான் கிழங்கு சமைப்பன், அவள் சிரிப்பாள் எண்டு. பிறகு ஒருநாள் விடிய எண்ணேக்கை தங்கச்சியை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள். அவளின்ரை பேரைத்தான் எனக்கு வைச்சது."

மகள் எனக்குச் சொல்லி முடிக்குமட்டும் காத்திருந்து, அவள் தொடர்ந்தாள்.

"தம்பி நம்பமாட்டான். அம்மா முட்டை அவிச்சாலே சட்டி எரியும், அவ என்னண்டு ஒரு கொட்டில் நிறையப் பெம்பிளையளுக்குச் சமையல் சொன்னவ எண்டு கேப்பான். அந்த இடத்திலை ஆர் சிரிப்பினம், உது எங்களை நித்திரையாக்கச் சொன்ன கதை எண்டுவான். கொடுமையானதெல்லாம் உண்மை, சிரிச்சது மட்டும் பொய் எண்டுவான். அவன் சொல்லச் சொல்ல எனக்கும் சந்தேகம் வந்திட்டுது. சிரிச்சவளோ இல்லையோ எண்டு தெரியாமல் அவளின்ரை பேரைக் காவிக்கொண்டு திரியிறன்."

எங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றி அவள் என்னிடம் முன்பே கேட்டிருந்தாள், நானும் சொல்லியிருந்தேன். அதை இங்கே எழுதவில்லை. அது வேறு கதை. இரண்டையும் நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசும் இல்லை.

"இப்ப ஏன் திடீரெண்டு கிழங்கு?" என்று மகள் கேட்டாள்.

அப்போதுதான் பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. போன மாதம் ஒரு கூட்டத்துக்குப் போனாளாம். அந்த முகாம்களில் தப்பியவர்களுடைய பிள்ளைகள் கூடுகிற கூட்டம். அங்கே மொன்றியலிலிருந்து வந்த ஒருத்தியைச் சந்தித்தாள். அவளுடைய தாயும் அதே முகாமில் இருந்தவள். அந்தத் தாயும் இறந்துவிட்டாள். ஆனால் உயிரோடு இருந்தபோது, வாயால் சமைக்கிற ஒரு பெட்டையைப் பற்றி அடிக்கடி சொல்லுவாளாம்.

"அப்ப அது உன்ரை அம்மாதானே!" நான் எழும்பியே விட்டேன்.

"அப்பிடிச் சொல்லேலாது அன்ரி. ஒவ்வொரு கொட்டிலிலையும் அப்பிடிச் சமைச்சவையாம். பசி கிடக்கிறவை வேறை என்னத்தைக் கதைக்கிறது? மொன்றியல்காரிக்கு அந்தப் பெட்டையின்ரை பேரும் தெரியாது, என்ன சமைச்சவள் எண்டும் தெரியாது. இருந்து ஆறுதலாக் கதைச்சால் ஏதும் பிடிபடும் எண்டு துவசத்துக்கு வாறா. தம்பியும் வாறான். வெறும் மேசையிலை இருந்து என்னத்தைக் கதைக்கிறது? அந்தக் கிழங்கு மேசையிலை இருக்கவேணும்."

இரண்டு பிள்ளைகளிடம் இருப்பது இரண்டு தாய்மாருடைய வாய்ச்சொல். ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை. இந்தத் துண்டும் அந்தத் துண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். நடுவில் என்னுடைய கிழங்கு!

அந்தக் கிழமை கடைக்குப் போய்க் கிழங்கைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சிவப்புத் தோல் கிழங்கு நீர் விடும், மண்ணிறத் தோல் கிழங்கு மாவாக வரும். கடைக்காரன் வந்து ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டான்.

"அம்மா, கிழங்குக்குப் பொருத்தம் பாக்கிறியளோ?" என்றாள் மகள்.

"ஓம். உனக்குப் பாத்ததைவிட வடிவாய்ப் பாக்கிறன்."

துவசத்தன்று நான் முழுகி, தோய்த்துலர்ந்த சேலை உடுத்து, திருநீறு பூசிக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன். மகளும் வந்தாள். பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்ரி கோயிலுக்கோ?"

"துவசச் சமையல் பிள்ளை. முழுகாமல் அடுப்படிக்குப் போகப்படாது."

அடுப்புக்குப் பக்கத்தில், கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. இறந்தவர்களுக்கு அவர்கள் ஏற்றுகிற விளக்கு அது, ஒரு நாள் முழுக்க எரியும் என்று சொன்னாள். நான் அதைப் பார்த்துக் கும்பிட்டேன். எங்கள் வீட்டிலும் விளக்கு வைப்போம். ஆக, எனக்கு அங்கே அந்நியமாக ஒன்றும் தெரியவில்லை.

அவள் குசினி நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். தாய் சொன்ன மாதிரியே சொல்லத் தொடங்கினாள். குரலே மாறிப்போனது.

"கிழங்கை எடு. பெரிய கிழங்கு. வீடு நிறையக் கிழங்கு. தோலைச் சீவு. துருவு. கை நோகும், நோகட்டும். வெங்காயம் துருவு. கண்ணீர் வரும், வரட்டும். இது வெங்காயக் கண்ணீர், இதுக்கு ஒருத்தரும் அடிக்கமாட்டினம். பிழிஞ்சு தண்ணியை ஊத்து. முட்டை உடை. இன்னும் உடை. இன்னும்! ஆர் எங்களைக் கேக்கிறது? மிளகு இடி. வாத்துக் கொழுப்பை உருக்கு, சட்டி வழிய வழிய உருக்கு. எல்லாத்தையும் தட்டிலை ஊத்தி, கரை கறுக்குமட்டும் வேகவிடு. கரை தங்கச்சிக்கு."

சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் உடை எண்டால் எங்கை நிப்பாட்டுறது?" என்று கேட்டேன்.

"தெரியாது அன்ரி."

"அப்ப பெட்டி முடியுமட்டும் உடை."

நான் சைவம். முட்டை தொடமாட்டேன். கிழங்கும் வெங்காயமும் நான் துருவினேன், முட்டை அவள் உடைத்தாள். மூன்று முட்டைக்கு ஒன்றின் ஓடு உள்ளே விழுந்தது. மகள் கரண்டியால் பொறுக்கினாள். வாத்துக் கொழுப்பு உருகியபோது நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஆனாலும் கண் சட்டியிலேயே இருந்தது. "வழிய வழிய எண்டவ, இன்னும் விடு!" என்று அங்கிருந்தே கத்தினேன். அப்படி ஒரு கலகலப்பு. துவச வீடா, கலியாண வீடா என்று தெரியாத கலகலப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் சொன்னதில் உப்பு இல்லை. நான் கவனிக்காமல் இல்லை. சமைக்கத் தெரிந்தவளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தும். கேட்க வாயெடுத்தேன். உடனே எனக்கு நினைவு வந்தது, எங்கள் ஊர்க் கீரிமலையில் பிண்டம் போடும்போது அதில் உப்பா போடுகிறோம்? செத்தவர்களுக்குச் செய்வதில் ஒவ்வொரு சாதிசனத்துக்கும் ஒவ்வொரு முறை. இவர்களுக்கு இதுதான் முறைபோல என்று எடுத்துக்கொண்டேன். துவச நாளில் முறையைக் கேள்வி கேட்கக்கூடாது. வாயை மூடிக்கொண்டேன்.

ஓவனைத் திறந்தபோது வந்த மணம் கீழ் மாடிவரை போயிருக்கும். மேலே பொன்னிறம், சுற்றிவரக் கரை கறுத்து மொறுமொறுவென்று நின்றது. பிள்ளைக்குப் பொறுக்க முடியவில்லை. கரையில் ஒரு துண்டை உடைக்க விரலைக் கொண்டுபோனாள். நான் அந்தக் கையில் ஓர் அடி போட்டேன்.

"கையை எடு!"

"ஏன் அன்ரி?"

"ஆருக்குச் செய்தது? அம்மாவுக்கு. அவவுக்குப் படைக்க முன்னம் நீ வாயிலை வைப்பியோ?"

"அப்ப ருசி சரியோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"படையலுக்கு ஆரும் ருசி பாக்கிறதில்லை. கைக்கணக்கும் மூக்கும்தான்."

மகள் மொழிபெயர்த்துவிட்டு, "அம்மா, அவையளுக்கு அப்பிடி முறை இல்லை," என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். ஆனால் பிள்ளை கையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "எங்களிலை இல்லைத்தான். எண்டாலும் அம்மா கோவிக்கமாட்டா," என்று சொல்லி, ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து, தாயின் படத்துக்கு முன்னால் வைத்தாள். படத்தில் இருந்தது ஒரு மெலிந்த மனுசி. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

தம்பிக்காரன் முதலில் வந்தான். கண்ணாடிக் கடை வைத்திருந்தவன், பருத்த ஆள், வாசலிலேயே பகிடி தொடங்கிவிட்டது.

"மணக்குதே! ஆர் சமைச்சது? அக்கா எண்டால் நான் இப்பிடியே வீட்டை போறன்."

"அன்ரி சமைச்சவ. வாயை மூடிக்கொண்டு உள்ளை வா."

"அன்ரியோ? அப்ப இரண்டு துண்டு தாங்கோ."

பின்னால் மொன்றியல்காரி வந்தாள். நெட்டையான பெண், பிள்ளையின் வயதுதான் இருக்கும். கோட்டைக் கழற்றக்கூட இல்லை, பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் ஒருவருடைய முகத்தில் மற்றவர் எதையோ தேடினார்கள்.

மேசையில் இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். நான் தலைமாட்டுக் கதிரையில், மகள் எனக்குப் பக்கத்தில். எந்தக் கொட்டில் என்று பிள்ளை கேட்டாள். தன் தாய் சொல்லவில்லை என்றாள் மொன்றியல்காரி. எந்த ஊரில் பிடித்தார்கள் என்று அவள் கேட்டாள். பிள்ளை சொன்ன ஊரை அவள் கேள்விப்பட்டதேயில்லை. அந்தப் பெட்டை எப்படி இருந்தாள்? தலை மழித்த பிறகு எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருந்தார்களாம். பிள்ளை எதைப் போட்டாலும் மறுபக்கத்தில் அதைப் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. 'எனக்கும் தெரியாது', 'அம்மா சொல்லேல்லை' என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் தோள்கள் கீழே இறங்குவதை நான் பார்த்தேன்.

"நான் சொன்னனான்தானே அக்கா," என்றான் தம்பி. இந்த முறை பகிடியாகச் சொல்லவில்லை. "ஆயிரம் ஆயிரம் பெம்பிளையள். பசியிலை எல்லாரும் சாப்பாட்டைக் கதைச்சிருப்பினம். அதுக்குள்ளை அம்மாவை எங்கை தேடுறது? விடு. சாப்பிடுவம்."

அவள் கிழங்கை வெட்டி வைத்தாள். நான் முட்டையும் வாத்தும் தொடாதவள் என்பதால் எனக்கு ஒரு தோடம்பழம் உரித்து வைத்தாள். அந்த நேரத்திலும் அதை அவள் மறக்கவில்லை.

தம்பி பெரிய துண்டாக வாயில் போட்டான். மென்றான். மெல்வது நின்றது. எங்களைப் பார்த்தான்.

"அக்கா. உப்பு?"

"என்ன உப்பு?"

"இதிலை உப்பே இல்லை!" என்று வெடித்துச் சிரித்தான். "சத்தியமா இது அம்மான்ரை சமையல்தான்!" கையை நீட்டி உப்புப் போத்தலை எடுத்தான்.

பிள்ளை ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, உப்புப் போடேல்லையே?" மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

நான் நாடியை நிமிர்த்திக்கொண்டேன். "அவள் சொல்லேல்லை. தாய் சொன்னதிலை இல்லாததைப் போட நான் ஆர்? செத்தவைக்கு உப்பில்லாமல் படைக்கிறது இவையின்ரை முறையாக்கும் எண்டு நினைச்சன். பிண்டத்துக்கு நாங்கள் உப்புப் போடுறனாங்களோ?"

மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். தம்பி இன்னும் சிரித்தான். பிள்ளைக்கும் சிரிப்பு வந்தது, அழுகைக்குப் பக்கத்தில் நிற்கிற சிரிப்பு.

சிரிக்காமல் இருந்தவள் மொன்றியல்காரி ஒருத்திதான். முள்ளுக்கரண்டி கையில் அப்படியே நின்றது.

"உங்கடை அம்மா சொன்னதிலை உப்பு இல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லைப்போலை. நான் யோசிக்கவேயில்லை."

"திருப்பிச் சொல்லுங்கோ. இப்ப சொல்லுங்கோ. உங்கடை அம்மா சொன்ன மாதிரியே, ஒரு சொல்லும் மாத்தாமல்."

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கிழங்கை எடு. தோலைச் சீவு. நோகட்டும். வரட்டும். இன்னும் உடை. வழிய வழிய உருக்கு. "கரை கறுக்குமட்டும் வேகவிடு," என்றாள். "கரை தங்கச்சிக்கு."

"உப்பு!"

மொன்றியல்காரி மேசையில் ஓங்கி அடித்தாள். கோப்பைகள் துள்ளின. நாங்களும் துள்ளினோம். "உப்பு! உப்பு!" என்று அவள் திரும்பவும் அடித்தாள். சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை.

"அவள்தான்! உங்கடை அம்மாதான்! எங்கடை அம்மா சொல்லுவா, அந்தப் பெட்டை எல்லாம் சொல்லுவாள், உப்பை மட்டும் மறந்துபோவாள் எண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளை, ஒருநாளும் அடுப்பு மூட்டாதவள், சமையல்காரி சமைக்கேக்கை பக்கத்திலை குந்தியிருந்து பாத்தவள். சமையல்காரி உப்புப் போடுறது அவளின்ரை கண்ணிலை படேல்லை. முதல்நாள் அவள் சொல்லி முடிக்கக் கொட்டிலே பேசாமல் கிடந்ததாம். அப்ப ஒரு சின்னக் குரல் கேட்டுதாம், 'அக்கா, உப்பு!' எண்டு."

மகள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். அவளுடைய கை என் கையை இறுக்கியது.

"அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் உப்பை மறப்பாள், கொட்டில் முழுக்க உப்பு எண்டு சொல்லும். உரத்துச் சொல்லேலாது, காவல்காரி வந்திடுவாள். மூச்சாலை சொல்லுவினமாம். எங்கடை அம்மா நினைச்சவ, முதல்நாள்தான் அவள் மறந்தவள், பிறகு வேணுமெண்டுதான் விட்டவள் எண்டு. சாகக் கிடக்கிறவையும் சொல்ல ஒரு சொல்லு வேணுமெண்டு. நாள் போகப் போக அந்தச் சத்தம் மெலிஞ்சு மெலிஞ்சு போச்சுதாம். ஆக்கள் குறையக் குறைய."

பிள்ளைதான் கேட்டாள். கேட்கப் பயந்து பயந்து கேட்டாள்.

"அந்தச் சின்னக் குரல்?"

"எப்பவும் முதல் சொல்லுறது அவள்தானாம். சொல்லிப்போட்டுத் தானே சிரிப்பாளாம். சத்தம் வெளியிலை போகப்படாது எண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அந்தப் பலகைத் தட்டே ஆடுமாம். மேலை படுத்திருந்தது எங்கடை அம்மா. அவ சொல்லுவா, எனக்கு அந்தச் சிரிப்புக் கேக்கிறேல்லை, முதுகிலை தெரியும் எண்டு."

எனக்கு எழும்பி ஆட வேண்டும் போல இருந்தது. நம்புங்கள். அழவும் வேண்டும், ஆடவும் வேண்டும். நான் உப்பைக் கேட்டிருந்தால்? படைக்க முன்னம் ருசி பார்க்க விட்டிருந்தால்? அது எல்லா வீட்டுக் கிழங்கையும் போல ஒரு கிழங்காக இருந்திருக்கும், தின்றுவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். என் முறையும் பிழைக்கவில்லை, என் கையும் பிழைக்கவில்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

தம்பிக்காரன் உப்புப் போத்தலைக் கையில் வைத்தபடியே இருந்தான். அதைத் தட்டில் தட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"அக்கா," என்றான். "அம்மா கதையை முடிச்சுப்போட்டு எங்கடை முகத்தையே பாத்துக்கொண்டிருப்பா. ஞாபகம் இருக்கோ? கனநேரம் பாப்பா. 'முடிஞ்சுதோ அம்மா' எண்டு நான் கேப்பன். 'ஓம், முடிஞ்சுது, படு' எண்டுவா."

"ஓம்."

"அவ காத்துக்கொண்டு இருந்திருக்கிறா, அக்கா. என்ன சொல்லவேணும் எண்டு எங்களுக்குத் தெரியேல்லை."

பிள்ளை எழும்பிப் போய் அவனுடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பெரிய ஆள், கடை முதலாளி, சின்னப் பெடியன் மாதிரி இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவன் அங்கிருந்தபடியே மொன்றியல்காரியைப் பார்த்து, "அந்தப் பலகை ஆடினதை இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்று கேட்டான்.

அவள் சொன்னாள். அவன் திரும்பவும் கேட்டான். அவள் திரும்பவும் சொன்னாள். மகள் எனக்கு மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கும் தேவைப்படவில்லை.

பிள்ளை தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தினாள்.

"சிரிச்சவளடா," என்றாள்.

"ஓம் அக்கா. சிரிச்சவள்."